மலையில் ஓடும் லொறிக்குப் பயோடீசல் கலப்பதற்கு முன்

சமையல் எண்ணெயில் செய்யும் பயோடீசலை டீசலில் கலந்து ஓட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் எஞ்சினைப் பற்றி விசாரிப்பதில்லை. இரவில் லொறியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்றுதான் கேட்பேன். மலையடியில் நாவலப்பிட்டியில் நிறுத்துகிறவருக்கு ஒரு பதில், மேலே நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் நிறுத்துகிறவருக்கு இன்னொரு பதில். கொழும்பில் ஒரு தொல்லையும் தராத எண்ணெய் நானுஓயாக் குளிரில் விடியற்காலை ஃபில்டருக்குள் கட்டிப்போய் நிற்கும்.

நான் டிக்கோயாப் பக்கம் டீசல் பம்ப், எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நொசில் வேலை பார்க்கிறவன். தேயிலைக் கொழுந்து லொறி, மரக்கறி லொறி, தோட்டத்து டிராக்டர் எல்லாம் வந்துபோகும். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் டேங்கில் ஊற்றிப் பார்த்தார்கள். வரிசை போய்விட்டது, ஆனால் பெற்றோல் செட் விலையைவிடக் குறைவாக ஏதாவது கிடைத்தால் வாங்கிவிடும் பழக்கம் சிலரிடம் நின்றுவிட்டது. ஹோட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, பெரலில் காய்ச்சி, கேனில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நல்ல சரக்கும் உண்டு, குப்பையும் உண்டு. கேனைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்த பயோடீசல் பம்புக்கு நல்ல வழுவழுப்புக் கொடுக்கும், கரும்புகையைக் குறைக்கும். ஆனால் எந்த எண்ணெயில் செய்தது, எவ்வளவு கலப்பது, எந்த லொறிக்கு, எந்த உயரத்தில் என்ற நான்கும் தெரியாமல் ஊற்றக்கூடாது.

எது பயோடீசல்

சமையல் எண்ணெயுடன் மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் எண்ணெய் மாறி, கிளிசரின் அடியில் இறங்கும். மேலே நிற்பதை எடுத்துக் கழுவி, தண்ணீர் போகக் காயவைத்தால் அதுதான் பயோடீசல். கழுவாததும் காயவைக்காததும் பாதி வேலை. பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டிவிட்டு அதையே பயோடீசல் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் எண்ணெய். டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் தடிப்பு. நொசிலில் தூவலாக வராமல் தாரையாக விழும், பிஸ்டன் தலையில் கரி கட்டும், ரிங் ஒட்டிக்கொள்ளும். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டினார்களே என்று யாராவது சொன்னால், அந்த எஞ்சினை வட்டவளை ஏற்றத்தில் ஐந்து தொன் ஏற்றிக்கொண்டு ஓட்டவில்லை என்று சொல்லுங்கள்.

பி20 என்று எழுதியிருந்தால் 100 லீற்றரில் 20 லீற்றர் பயோடீசல், மிச்சம் டீசல். பி5 என்றால் 5. பி100 என்றால் கலப்பே இல்லாதது.

குளிர்தான் முதல் எதிரி

இங்கே கிடைக்கும் பொரித்த எண்ணெய் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது பாம் எண்ணெய். நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் போத்தல் காலையில் கட்டியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் செய்தது வேண்டாம், பாம் எண்ணெயில் செய்தது கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நிலைமை நேர்மாறு. தேங்காய் எண்ணெய் பயோடீசலாக மாறிய பிறகு கிட்டத்தட்ட 0 பாகை செல்சியஸ் வரை தெளிவாகவே இருக்கும். பாம் எண்ணெயில் செய்ததுதான் 13 முதல் 16 பாகையிலேயே மெழுகு திரண்டு மங்கத் தொடங்கும். நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். தை, மாசியில் தேயிலையில் பூப்பனி விழும் விடியலில் டேங்குக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலேசியாவில் டீசலில் பாம் பயோடீசலை 10 வீதமாக உயர்த்தியபோது, கேமரன் ஹைலண்ட்ஸ் போன்ற குளிர் மலைப் பகுதிகளுக்கு மட்டும் 7 வீதத்திலேயே விட்டார்கள். அதுவும் நம்மைப்போலத் தேயிலை விளையும் மலைதான். பாம் எண்ணெயில் கரைகண்ட நாடே மலைக்கு அளவைக் குறைக்கிறது என்றால் நாம் யோசிக்க வேண்டியதுதானே.

டீசலோடு கலந்தால் மங்கும் வெப்பநிலை கீழே இறங்கும், உண்மை. எவ்வளவு இறங்கும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். பொரித்த எண்ணெயில் கோழிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் சேர்ந்திருந்தால் கணக்கெல்லாம் தப்பிவிடும். ஆகவே விற்கிறவர் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். இரண்டு சிறு கண்ணாடிப் போத்தல் எடுத்து, ஒன்றில் செட்டில் அடித்த வெறும் டீசல், மற்றதில் நீங்கள் ஓட்ட நினைக்கும் அளவில் கலந்தது. இரண்டையும் இறுக மூடி, பையில் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டாம், அவ்வளவு குளிர் இங்கே இல்லை. காலையில் எடுத்ததும், கை சூடு ஏறுவதற்கு முன், போத்தலுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். டீசல் போத்தலில் எழுத்துத் தெரிந்து கலவைப் போத்தலில் மங்கினால், அல்லது அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால், அந்தக் கலவை தலவாக்கலைக்கு மேலே வேண்டாம். சமையல் ஃபிரிட்ஜில் இதை வைத்தால் வீட்டில் ஏச்சு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பகலில் கீழே இறங்கி ஓடி, இரவில் மேலே வந்து நிற்கும் லொறிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். தம்புள்ளைக்கு மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது அங்கேயே மலிவாகக் கிடைத்ததை ஊற்றுவார்கள். தம்புள்ளை வெயிலில் அது கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கும். மறுநாள் விடியற்காலை கந்தப்பளையில் ஸ்டார்ட் ஆகும், குழாயில் இருப்பது தீரும்வரை ஓடும், அப்புறம் இழுக்காது.

வாங்குமுன் போத்தல் சோதனை

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் மணம் அடித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மெதனோல் மிச்சம் இருக்கிறது. நல்ல பயோடீசல் டீசலைவிடத் தீப்பிடிக்கத் தயங்கும், மெதனோல் தங்கினால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். றப்பரையும் அது கெடுக்கும்.

அடுத்தது குலுக்கல். ஜாம் போத்தலில் பாதி தண்ணீர், பாதி கலப்பில்லாத பயோடீசல். நன்றாகக் குலுக்கி அரைமணி நேரம் விடுங்கள். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்தால் சரி. நடுவில் தடித்த வெள்ளைப் படை நின்றால் சவர்க்காரம் மிச்சம், சரியாகக் கழுவவில்லை. எல்லாம் சேர்ந்து தயிர் மாதிரி ஆகிப் பிரியவே மறுத்தால் எண்ணெயும் முழுதாக மாறவில்லை. அந்தச் சவர்க்காரத்தில் இருக்கும் சோடியம்தான் நொசில் நுனியில் பூத்துப்போய் நிற்பது.

மூன்றாவதை விற்கிறவரிடமே செய்யச் சொல்லுங்கள். மெதனோல் அவரிடம்தான் இருக்கும், நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அது குடித்தால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். தோலில் பட்டாலும் ஊறும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. ஊசியில்லாத சிரிஞ்சால் 27 மில்லிலீற்றர் மெதனோல், அதில் 3 மில்லிலீற்றர் பயோடீசல், மூடிக் குலுக்கி வைக்க வேண்டும். முழுதும் கரைந்து தெளிவாக நின்றால் எண்ணெய் மாறியிருக்கிறது. அடியில் முத்து முத்தாக எண்ணெய் இறங்கினால் மாறாத எண்ணெய் கலந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் செய்தால் நல்ல சரக்கும் ஏமாற்றும், எனவே 20 பாகையாவது இருக்கும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்துகாட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். நல்ல சரக்குச் செய்கிறவர் கேட்காமலே காட்டுவார்.

எந்த லொறிக்கு எவ்வளவு

பழைய கென்டர் லொறி மாதிரி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வரிசையில் அடிக்கும் இன்லைன் பம்ப் உள்ளது கொஞ்சம் பொறுக்கும், ஏனென்றால் அந்தப் பம்பின் கேம் பக்கத்துக்கு எஞ்சின் ஒயில் போகிறது. சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும் ரோட்டரி பம்புக்கு டீசல்தான் ஒயிலும். அதில் தண்ணீரோ சவர்க்காரமோ போனால் சீக்கிரம் சிராய்த்துவிடும். ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா நொசிலுக்கும் கொடுக்கும் கொமன் ரெயில் லொறிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் வேலை நடக்கிறது. பெரலில் செய்த சரக்கை அதில் ஊற்றவே வேண்டாம். புத்தகத்தில் அல்லது டேங்க் மூடிக்குப் பக்கத்தில் எவ்வளவு வரை போடலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்த அளவும்கூடத் தரமான பயோடீசலுக்குச் சொன்னது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் லொறி என்றால் நான் தொடவேமாட்டேன்.

பழைய வண்டிகளில் றப்பர்தான் பிரச்சினை. 90களின் ஆரம்பத்துக்கு முந்தியவற்றில் இருக்கும் சாதாரண றப்பரும் நைட்ரைல் றப்பரும் பயோடீசலில் ஊறி, வீங்கி, பிசுபிசுத்துப்போகும். நொசில்களுக்கு மேலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ் இருக்கிறதே, அதை முதலில் பாருங்கள். விரலால் அமுக்கினால் விரல் ஈரமாகக்கூடாது. அப்புறம் கை பம்பின் ஓரிங், ஃபில்டர் தலையின் வாஷர். வைட்டன் என்ற றப்பரில் செய்தது கேட்டு வாங்கிப் போடுங்கள். விலை கூட, ஆனால் பயோடீசலுக்கு நின்றுபிடிப்பது அதுதான். செம்புக் குழாய், பித்தளை யூனியன், நாகம் பூசிய தகரத்தில் அடித்த டேங்க் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் கலக்க வேண்டும். அந்த உலோகங்கள் பயோடீசலைச் சீக்கிரம் பழுதாக்கும், அதுவும் அவற்றை அரிக்கும். இரும்பும் அலுமினியமும் பரவாயில்லை.

என் கணக்குப்படி, நல்ல நிலையில் இருக்கும் பழைய எஞ்சினுக்கு 5 வீதம் பயமில்லை. 20 வரை கவனத்தோடு போகலாம், அதுவும் ஹட்டனுக்குக் கீழே, ஃபிரிட்ஜ் சோதனை தேறினால். அதற்கு மேல் போகிறவர் என் கராஜுக்கு அடிக்கடி வரவேண்டியிருக்கும்.

டேங்க்கைக் கழுவாமல் தொடங்காதீர்கள்

பயோடீசல் ஒரு கரைப்பான். வருடக்கணக்கில் டேங்க் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினையும் துருவையும் கழற்றி எடுத்துக்கொண்டு வரும். அது எல்லாம் போய்ச் சேருமிடம் ஃபில்டர். எண்ணெய் நல்லதாக இருந்தாலும் இது நடக்கும், அதனால் பலர் எண்ணெயைத் திட்டுவார்கள். டேங்க்கைக் கழற்றி, டீசலால் கழுவி, அடி வடிகட்டியைச் சுத்தம்செய்து மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். புகைச் சோதனைக்கு முந்தின நாள் மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அழுக்கு டேங்கில் அப்படிச் செய்தால் சோதனைக்குப் போகும் வழியிலேயே நிற்கலாம்.

முதல் இரண்டு டேங்குக்கு 5 வீதம் மட்டும். அப்புறம் ஃபில்டரைக் கழற்றி, அரத்தால் அறுத்துத் திறந்து, தாளை விரித்துப் பாருங்கள். நான் வரும் லொறிகளுக்கெல்லாம் இதைச் செய்கிறேன், எது பழுது என்பதை ஃபில்டரே சொல்லிவிடும். கபிலமாகவோ கறுப்பாகவோ அழுக்கும் துருத்தூளும் என்றால் டேங்க் கழன்று வருகிறது, ஃபில்டரை மாற்றி இன்னும் ஒரு டேங்க் பொறுங்கள். வெள்ளையாக இருந்து, உள்ளங்கையில் வைத்ததும் உருகினால் மெழுகு, குளிரின் வேலை. உருகாமல், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் வழுக்கி நுரைத்தால் சவர்க்காரம், விற்றவரிடம் திரும்பிப் போங்கள். கறுப்பாக, வழவழவென்று நாற்றத்தோடு இருந்தால் டேங்கில் தண்ணீர் நின்று கிருமி வளர்ந்திருக்கிறது.

கலக்கும்போது முதலில் டீசல், அதன்மேல் பயோடீசல். பயோடீசல் பாரம் கூடியது, தானாக இறங்கிக் கலக்கும். மாற்றிச் செய்தால் அடியிலேயே தங்கி, முதல் ஏற்றத்தில் நொசிலுக்குப் போவது கிட்டத்தட்ட பி100 ஆகிவிடும். வெயில் ஏறிய பிறகு ஊற்றுங்கள். எங்கள் ரோட்டு வளைவுகளில் அரைமணி ஓடினால் கலக்காதது எதுவும் இல்லை.

ஏற்றத்தில் நின்றால்

சமதரையில் ஃபில்டர் அடைத்தால் ஓரம் கட்டலாம். கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்கு ஏறும்போது, ஏற்றிய பாரத்தோடு வளைவில் அடைத்தால் கதை வேறு. எஞ்சின் நின்றதும் பிரேக் மிதிக்கு உதவும் வெக்யூம் பூஸ்டரில் மிச்சம் இருப்பது சில மிதிகளுக்குத்தான் போதும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஆகவே இழுவை குறைவது தெரிந்த உடனேயே, நிற்கும்வரை இழுத்துப் பார்க்காமல், அகலமான இடத்தில் ஒதுக்கிவிடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக மிதித்துப் பிடியுங்கள். கைப் பிரேக், முதல் கியர், கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை. கட்டை விழாமல் கெபினைத் தூக்கவேண்டாம். இறக்கத்தில் எஞ்சின் செத்தால் கிளச்சை மிதிக்காதீர்கள், நியூட்ரலுக்கும் போகாதீர்கள். கியரில் இருக்கும்வரை சக்கரம் எஞ்சினைச் சுழற்றும், வெக்யூம் பம்பும் சுற்றும்.

கலந்து ஓட்டுகிறவர் கெபினில் எப்போதும் வைத்திருக்க வேண்டியது: ஒரு ஃபில்டர், அதற்குரிய ஸ்பானர், ஒரு போத்தல் வெறும் டீசல். ஃபில்டரை மாற்றி, கை பம்பால் அடித்து ஏர் எடுத்தால் பெரும்பாலும் வீடு வந்துவிடலாம். விடியற்காலை மெழுகு பிடித்தது என்றால் வெயில் வரும்வரை காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான். வெந்நீரில் நனைத்த சாக்கை ஃபில்டரைச் சுற்றிப் போடலாம். டேங்குக்கு அடியில் பந்தம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தண்ணீரும் காலமும்

பயோடீசல் டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுக்கும். எங்கள் பக்கத்து மூடுபனியிலும் வட்டவளை மழையிலும் பாதி டேங்கோடு இரவில் நிற்கும் லொறிக்குள் காலையில் சுவர் வியர்த்திருக்கும். எனவே மாலையில் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் சேரும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கு மேலும் திறந்து விடுங்கள்.

வைத்துப் பழையதாக்கவும் கூடாது. கலப்பில்லாதது மூன்று நான்கு மாதம், பி20 ஆறு மாதம், அதற்குமேல் புளித்துப் பிசினாகும். கேனில் செய்த திகதியை எழுதி ஒட்டுங்கள். தடித்த பிளாஸ்டிக் கேன், கழுத்துவரை நிரப்பி, நிழலில், தரையில் படாமல். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போகும் லொறி என்றால் கடைசி டேங்க் வெறும் டீசலில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

மிச்சச் சில்லறை

பி100 இல் ஒரு லீற்றருக்கு டீசலைவிட 8 வீதம் அளவு சக்தி குறைவு, பி20 இல் ஒன்று இரண்டு வீதம்தான். விலை வித்தியாசத்தை இதோடு கழித்துப் பாருங்கள், ஃபில்டர் செலவையும் சேர்த்து.

எரியாமல் சிலிண்டர் சுவரில் இறங்கும் பயோடீசல் எஞ்சின் ஒயிலில் கலந்தால் டீசல்போல ஆவியாகிப் போகாது, தங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் ஏறுவது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஏறாவிட்டாலும் வழக்கமான கிலோமீற்றருக்கு முன்பே மாற்றுவது நல்லது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள லொறிகளில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சிந்தினால் உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

விட்டுவிட்டு வெறும் டீசலுக்குத் திரும்பினாலும் முதல் சில வாரம் பம்பைச் சுற்றியும் ரிட்டர்ன் ஹோஸிலும் காலையில் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். வீங்கியிருந்த சீல் திரும்பச் சுருங்கும்போது கசியத் தொடங்கும். கசிந்தால் கிளிப்பை இறுக்கிக்கொண்டு ஓடாமல் சீலையே மாற்றிவிடுங்கள்.